பாட்டனாருக்கு ஏழு கறி

மொரீஷியஸில், போர்ட் லூயிஸிலிருந்து கான் தெ மாஸ்க் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். பேசியது கிரியோல், தமிழாக்கியது நான். மூத்தவள் ஏதோ ஒரு பெரிய வீட்டில் சமையல்காரி; வீட்டு முதலாளியை 'மிஸ்யே' என்றாள்.

"எங்க மிஸ்யே வீட்டுக்கு நேத்து ஆவி வந்துச்சு. தமிழ்ல பேசுச்சு."

"அவங்க பிரெஞ்சு பேசுற கிறிஸ்தவங்களாச்சே அக்கா!"

"மிஸ்யேவோட பாட்டன் புதுச்சேரிக்காரராம். மிஸ்யேதான் பாரிசுலேர்ந்து புத்தகம் வரவழைச்சு ஆவி ஆராய்ச்சி பண்றாரே, மேசையச் சுத்தி உக்காந்து பாட்டனைக் கூப்பிட்டாங்க. கூட உக்காந்திருந்த ஒரு அம்மா மேல ஆவி எறங்குச்சு, அவங்க பேசினது ஒருத்தருக்கும் புரியல. நான் தமிழச்சியாச்சேன்னு அடுப்படியிலேர்ந்து என்னைக் கூட்டிட்டுப் போனாங்க."

"என்ன கேட்டாராம்?"

"நம்ம கோயில் விருந்துல போடுற மாதிரி வாழை இலையில சோறும் ஏழு காய்கறிக் கறியும் கேக்குறாருன்னேன். மிஸ்யேவுக்குக் கண்ணே கலங்கிடுச்சு. இனிமே வெள்ளிக்கிழமைதோறும் படைக்கப் போறோம். வீடே சந்தோஷமா இருக்கு."

இளையவள் குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, கோயில் பாட்டைத் தவிர ஒனக்குத் தமிழே தெரியாதே?"

"தெரியாதுதான். ஆனா செத்து இத்தனை வருஷம் கழிச்சு ஒரு மனுஷன் வீடு தேடி வந்திருக்காரு. பசியோட அனுப்பவா முடியும்?"