பினியனுக்குப் பூசிய மஞ்சள்

மாரண்டஹள்ளியிலிருந்து பாலக்கோடு போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் ஒரு மெக்கானிக்கின் மனைவியும் அவர் நாத்தனாரும். பஸ் இரைச்சலையும் மீறிக் கேட்டது மனைவியின் குரல்.

“நேத்து வண்டிக்கு மஞ்சள் பூசினேன்.”

“பூஜையா அண்ணி?”

“பூஜையுமில்ல ஒண்ணுமில்ல. உங்கண்ணன் ஒரு டாக்ஸிக்குப் பின் ஆக்ஸில்ல புது பினியன் பல்சக்கரம் போட்டாரு. அதுக்கு அடியில வைக்கிற ஷிம் தகடு மட்டும் பழசையே வெச்சுட்டாரு. ஓட்டுனா ஒரே ஊளைச் சத்தம். ரெண்டு தடவ பிரிச்சும் நிக்கல. கஸ்டமர் வண்டிய ஓசூருக்கே கொண்டுபோறேன்னுட்டாரு.”

“அய்யய்யோ!”

“மஞ்சள எண்ணெயில கொழச்சு, பினியன் கடிக்கிற பெரிய கிரவுன் சக்கரத்துப் பல்லுல பூசிச் சுத்தச் சொன்னேன். பல்லு நுனியில மட்டும்தான் அழிஞ்சுது. பினியன் உள்ள எட்டலைங்கன்னு காட்டினேன். தடிமனான ஷிம் போட்டு மறுபடி பூசுனோம். நட்ட நடுவுல அழிஞ்சுது பாரு கண்ணு!”

“சத்தம்?”

“தொப்பூர் மேடு ஏறி எறங்கியாச்சு. வண்டி மூச்சு விடல.”

“எங்கண்ணன் என்ன சொன்னாரு?”

“மஞ்ச டப்பாவத் தூக்கி டூல் பாக்ஸ்ல வெச்சுக்கிட்டாரு. இன்னிக்குக் கொழம்புக்கு நான் பட்டறைக்குப் போய்க் கேட்டு வாங்கியாந்தேன்.”