நாங்கள் ‘இரண்டு’ என்று எழுதிய ஒன்பது நாள்

வலியை வாய்திறக்க வைத்த வல்லமையே! பொறுமையையும் பிடிவாதத்தையும் ஒருசேரப் பெற்ற பெருமகளே! எதிரில் ‘அக்கா’ என்றும் மறைவில் ‘நச்சரிப்பு அக்கா’ என்றும் நாங்கள் அழைத்து மகிழ்ந்த எங்கள் தலைமைச் செவிலியரே! வணக்கம்.

முப்பத்தோராண்டுகள் இப்புற்றுநோய்ப் பிரிவில் தாங்கள் ஆற்றிய அரும்பணியை அடுக்கினால், தங்கள் பணி ஓய்வுக்கு நாங்கள் அளிக்கும் இம்மடலின் கண்ணாடிச் சட்டமும் கொள்ளாது, சுவரும் கொள்ளாது. நோயாளி ஒவ்வொருவரிடமும் ஒரு சிறு நோட்டைக் கொடுத்து, வலியே இல்லையென்றால் பூச்சியம், தாங்கவே முடியாவிட்டால் பத்து என, அவரவர் வலியை அவரவரே குறிக்கப் பழக்கினீர்கள். “இருக்கிற வேலை போதாதுன்னு இது வேறயா?” என்று முணுமுணுத்தவர்கள் நாங்களேதான்.

அதனினும் பெரிய குற்றம் ஒன்றையும் இன்று ஒப்புக்கொள்கிறோம். ஆறாம் படுக்கையில் இருந்த பேருந்து ஓட்டுநரின் நோட்டில் ஒன்பது நாளும் ‘இரண்டு’ என்றே இருந்தது. அவர் சொல்ல, உடனிருந்த மனைவி எழுதினார். நாங்கள் அதைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதினோம். மருத்துவரும் கையெழுத்திட்டார். பத்தாம் நாள் தாங்கள் அந்த அம்மாவை மருந்து வாங்க அனுப்பிவிட்டு, ஓட்டுநரின் அருகே உட்கார்ந்தீர்கள்.

“இப்ப பஸ்ஸை எடுக்கச் சொன்னா, பிரேக்கை மிதிக்க முடியுமாண்ணே?”

அவர் கண் கலங்கிவிட்டது. “ஒன்பதும்மா. அவ முன்னாடி எப்படிச் சொல்றது? ஏற்கெனவே சோறு தண்ணி இல்லாம கெடக்குறா.”

அன்றே மருந்தின் அளவு மாறியது. மாலையில் மனைவியை அருகில் அமர்த்தி, ஓட்டுநரின் வாயாலேயே அந்த ஒன்பதைச் சொல்ல வைத்தீர்கள். மறுநாள் மதியம் அந்த அம்மா வெளியே ஓடிவர, நாங்கள் பதறிப்போனோம். “அக்கா, குறட்டை விடுறாரு! எத்தனை மாசமாச்சு!” என்று தங்கள் தோளில் சாய்ந்து அழுதார். பிறகு ஓட்டுநர் உயிரோடு இருந்த இருபத்து மூன்று நாளும் நோட்டில் உண்மைதான் இருந்தது. ‘ஏழு’ என்று எழுதிய அன்று, அதைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வந்தவரே மனைவிதான்.

அந்த ஒன்பது நாளை எங்களால் அவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது. அதற்காகத் தாங்கள் எங்களை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம், அக்கா.

இன்று காலை தாங்கள் சாவிகளை ஒப்படைத்துக்கொண்டிருந்த வேளையில், நோயாளியாகப் புதிதாகச் சேர்ந்த தையல்காரர் ஒருவர், மகன் பக்கத்தில் நிற்க, “வலி ஒண்ணும் இல்லீங்க” என்றார். மகனை வெளியே அனுப்பிவிட்டு மறுபடி கேட்டோம். “எட்டு” என்றார்.

மருந்து கொடுத்தாயிற்று, அக்கா. நலமும் நீள்ஆயுளும் நிறைந்த மகிழ்வும் சூழ, நிம்மதியாகப் போய்வாருங்கள்!

தங்கள் அன்பை என்றும் மறவாத,
புற்றுநோய்ப் பிரிவின் செவிலியர், மருத்துவர், துப்புரவுப் பணியாளர்கள்