மிதப்பில் படுத்த கோழி

காலை ஆறு நாற்பது. வாழைச்சேனை பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த பெண்ணின் புறங்கை முழுவதும் கோழி கொத்திய காயம். அதை அவர் பக்கத்தில் இருந்த மச்சாளிடம் நீட்டிக் காட்டினார்.

"மீன் வலையில கட்டுற மிதப்பில அடை கிடந்த கோழி கொத்தினது மச்சாள்."

"அடைக்குப் படுக்காத கோழியெண்டு உன்ட மனிசன் கறிக்கு அறுக்க நிண்டாரே, அதா?"

"அதுதான். இடுற முட்டையெல்லாம் அவர் அவிச்சுத் திண்டா, கோழி எதில படுக்கிற? மிதப்பைத் தின்னமாட்டார்தானே. வெள்ளையா முட்டை மாதிரி இரிக்கிறதாப் பாத்துக் கூட்டில வெச்சன். அது தன்ட முட்டையெண்டு நினைச்சுப் படுத்திற்று. பொறகு மிதப்பை எடுத்திற்று, நீங்க தந்த பத்து முட்டையையும் வெச்சன்."

"நான் தந்ததில பாதி கூழ்முட்டையாப் போயிருக்குமே."

"ஒண்டும் போகல்ல. பத்தும் பொரிச்சிற்று."

"இப்ப மனிசன் என்ன சொல்றார்?"

"பருந்து தூக்குமெண்டு கூட்டுக்கு மேல வலை கட்டியிருக்கார். குஞ்சுகளை எண்ணிப் பாத்திற்றுத்தான் தோணிக்குப் போறார்."



"அடுத்த முறை எனக்கும் குஞ்சு பொரிக்க என்ட முட்டையை உன்ட கோழிக்கு வெப்பியா புள்ள?"

"அதுக்கென்ன, தாங்க."

குஞ்சுத்தீன் விற்கும் கடைக்கு முன்னால் இருவரும் இறங்கினார்கள்.