கணவனின் கையையும் நீட்டச் சொன்ன டொக்டர் ஷாமிலா அவர்களுக்கு

"டொக்டர், பிழை என்னிலதானோ?"

எங்கள் ஜெயரூபி அக்கா ஒரு நாள் தலைகுனிந்து கேட்ட இந்தக் கேள்விக்கு, எவரும் தராத மறுமொழி தந்தவரே! குறிஞ்சாக்கேணியில் பிறந்து திருகோணமலையின் நோய் தீர்க்க வந்த கனிவே! கனிவுக்குள் ஒளிந்த கண்டிப்பே! ஓய்வு பெற்றுச் செல்லும் உங்களுக்கு எங்கள் வணக்கமும் ஸலாமும்.

கருணைக் கடல், கடமைச் சிகரம் என்று அடுக்க எங்களுக்கும் தெரியும். ஆனால் உங்களை நினைக்கும்போது நன்றியோடு கோபமும் வருகிறது. அந்தக் கோபத்தை மூட்டியவரே நீங்கள்தான். அதோடுதான் பாராட்ட வேண்டும்.

சல்லிக் கிராமத்தில் பிறந்து லிங்கநகரில் வாழ்க்கைப்பட்ட ஜெயரூபி அக்கா இன்று எங்களோடு மருந்து கொடுக்கும் யன்னலில் வேலை செய்கிறார். அன்று நோயாளியாக வந்தார். பிள்ளை இல்லையென்று அவரிடம் எத்தனை முறை இரத்தம் எடுத்தார்கள்! எத்தனை ஸ்கான்! எல்லாம் சரியென்றே வந்தது. சரியென்று வந்த பிறகும் அவர்தான் மலடி! கணவர் சுகிர்தனின் கையில் ஓர் ஊசி நுனிகூடப் படவில்லை. கட்டிலில் என்ன நடக்கவில்லை என்பது இருவருக்கும் தெரியும். மனைவி பழியைச் சுமந்தார். கணவர் "சிநேகிதனுக்கு" என்று சொல்லிக் கடையில் குளிசை வாங்கி விழுங்கினார்.

விறைப்புக் குறைபாடு. இந்தச் சொல்லைச் சபையில் வாசிக்கக் கூச்சமாம்! மலடி என்ற சொல்லைச் சந்தியில் கூவ மட்டும் ஒருவருக்கும் கூச்சமில்லை!

"புருஷன்ர இரத்தம் பாக்காமல் பெண்சாதிக்கு இன்னொரு சோதனை எழுத மாட்டன்" என்றீர்கள். அதுவே உங்கள் அறையின் சட்டமாக இருந்தது.

"சிங்கம் மாதிரி இருக்கிறான் என்ர பிள்ளை. ஆம்பிளைக்கு என்ன சோதனை?" என்று சீறினார் சுகிர்தனின் தாயார்.

"சிங்கத்துக்கும் சீனி வரும், அம்மா. வெறும் வயித்தோட கூட்டிக்கொண்டு வாங்கோ."

சோதனை முடிவு வந்த அன்று அந்தத் தாயார் ஒரு பெரிய பையோடு வந்தார். அதற்குள் மருமகளின் உடுப்புகள். "இண்டைக்கும் நல்ல கதை இல்லாட்டி, இவள் இஞ்சயிருந்தே சல்லிக்குப் போகட்டும்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். ஜெயரூபி அக்கா நடைவழியில் போட்ட வாங்கில் இருந்தார்.

உள்ளே நீங்கள் சொன்னதைச் சுகிர்தனே பிறகு எங்களுக்குச் சொன்னார். பெயர் போட்டு எழுதச் சொன்னவரும் அவரே. "என்னைப் பார்த்தெண்டாலும் நாலு பேர் கையை நீட்டட்டும்" என்றார்.

"தம்பி, ஆண் ஹோமோன் நல்லாத்தான் இருக்கு. மூண்டு மாசத்துச் சராசரிச் சீனிதான் கூட. கொழுப்பும் கூட. நெஞ்சுக்குப் போற இரத்தக் குழாயை விட ஆணுறுப்புக்குப் போறது சின்னக் குழாய். அதால முதல் அடைபடுறதும் இதுதான். உங்கட ஆண்மை எங்கயும் போகேல்ல. நெஞ்சுக்கு ஆபத்து வரலாமெண்டு உடம்பு முன்னுக்கே கத்துது. எல்லாருக்கும் இரத்தம்தான் காரணமெண்டில்ல, மனக்கவலையும் செய்யும். ஆனா பாக்காமல் எப்பிடித் தெரியும்? அந்தக் கடைக் குளிசையை இண்டையோட விடுங்கோ."

"அம்மாட்ட நீங்களே சொல்லுங்கோ, டொக்டர்."

"ஏலாது, தம்பி. உங்கட இரத்தத்தின்ர கதையை நீங்கதான் சொல்லோணும்."

டொக்டர், அந்த அறையில் எத்தனை ஆண்கள் இதைக் கேட்டுவிட்டு, வெளியே வந்து "பெண்சாதிக்குத்தான் ஏதோ பிரச்சினை" என்று சொல்லிப் போனார்கள்! அவர்களுக்கு வெட்கமில்லை, பக்கத்தில் நின்ற பெண்கள்தான் வெட்கப்பட்டார்கள். இந்த அநியாயத்துக்கு முன்னால் நீங்கள் ஒருநாளும் குரலைத் தாழ்த்தவில்லை. நாங்களும் இனித் தாழ்த்த மாட்டோம். நல்ல சீனி அளவோடும், நல்ல நெஞ்சோடும், இந்தக் கோபம் குறையாமலும் நீங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும்! உங்கள் சட்டம் இந்த அறையை விட்டுப் போகாது.

சுகிர்தன் வெளியே வந்தார். நடைவழி நிறையச் சனம். மனைவியைப் பார்த்தார், பையைப் பார்த்தார்.

"அம்மா, ரூபியில ஒரு பிழையும் இல்லை. எனக்குத்தான் உடம்பில வருத்தம். கலியாணம் கட்டின நாளில இருந்தே எனக்குத்தான். மருந்து எடுக்கப் போறன்."

தாயார் எழுந்தார். மகனைப் பார்க்கவில்லை, மருமகளையும் பார்க்கவில்லை. கதிரையின் காலடியில் கிடந்த உடுப்புப் பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு, லிங்கநகர் வீட்டுப் பக்கமாக நடந்து போனார்.

இப்படிக்கு,
வெளிநோயாளர் பிரிவு ஊழியர்கள்