ஜெராய் மலையில் கடைசி பிளேட்டு

— அந்தக் கிழங்கை மூணா வெட்டாத, சிகப்பி. மூணு துண்டைப் பார்த்தா என் வயிறு, வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காங்கன்னு நெனச்சுக்கும்.

— மூணாவது துண்டு ராத்திரிக்குங்க. இன்னும் ஒரு நாளு இந்த மலையில கெடக்கணும்னா வேணும்ல?

— கெடக்க முடியாது. ஜப்பான்காரன் குடுத்த பாஸு இன்னியோட முடியுது. பொழுது சாயுறதுக்குள்ள கீழ இறங்கி, குருண் ரோட்டுல நிக்கணும்.

— அப்ப பறவை சீக்கிரம் வரணுமே.

— வரும்லா. பொண்டாட்டி மரப்பொந்துக்குள்ள பசியோட இருக்கா. எங்காங், அதான் நம்ம இருவாச்சி, வராம எங்க போவான்? என்னை மாதிரி போட்டோக் கடையா வச்சிருக்கான், சோறு கேட்டா கதை சொல்ல?

— பாவங்க அவ. வாசலை மண்ணு வச்சு அடைச்சுக்கிட்டு, மூக்கு நுழையுற அளவுக்கு ஒரு சந்து. அவன் கொண்டாந்து ஊட்டினாத்தான் சாப்பாடு.

— குஞ்சு பெருசாகுற வரைக்கும்தான். அப்புறம் ஒடைச்சுக்கிட்டு வெளிய வந்துருவா.

— அதுக்குள்ள அவனை யாராச்சும் புடிச்சிட்டுப் போயிட்டா?

— ஏ புள்ள, கிழங்கைச் சாப்பிடு.

— கேட்டேன், அவ்வளவுதான். கால்ல பாருங்க, இன்னொரு அட்டை.

— இருக்கட்டும் விடு. இந்த ஒடம்புலயும் ரத்தம் இருக்குன்னு ஒரு ஜீவனாவது நம்புதே.

— எல்லாம் அந்த ஜப்பான் கேப்டனால. ஊரே அரிசி இல்லாம அலையுது, அவருக்குப் பறவைப் படம் கேக்குது.

— கேக்கட்டும்லா. எங்காங் பொண்டாட்டிக்கு ஊட்டுறதைப் படம் புடிச்சுக் கொண்டா, சயாமுக்குப் போற லிஸ்ட்டுல உன் பேரை அடிச்சிர்றேன்னு சொன்னாரே. ரயில் பாதை போடப் போனவன் ஒருத்தன் திரும்பி வந்து நீ பார்த்திருக்கியா?

— சொன்னா செய்வாரா?

— தையக்கார அய்யாவுகிட்ட கேளு. கேப்டனுக்கு வெள்ளைக் கோட்டு ஒண்ணு தச்சுக் குடுத்தான், பேரை அடிச்சிர்றேன்னு தோள்ல தட்டிச் சொல்லியிருக்காரு. அவனுக்குக் கோட்டு, எனக்கு எங்காங்.

— ம்.

— என்ன ம்?

— ஒண்ணுமில்லீங்க. படம் புடிக்கிற கண்ணாடிப் பிளேட்டு மூணுல ஒண்ணுதான் மிச்சம், அதை நெனச்சேன்.

— ஊர்லயே இருந்தது அந்த மூணுதான். சண்டை வந்த பெறகு கப்பல் ஏது, பிளேட்டு ஏது? மொத பிளேட்டுல, குரங்கு கேமராக் காலைத் தட்டிவிட்டுருச்சு.

— ரெண்டாவதுல?

— அதான் ஒனக்குத் தெரியுமே.

— சொல்லுங்க. கேக்க நல்லாருக்கு.

— லென்ஸை மூடாமலே பிளேட்டை மறைக்கிற தகட்டை உருவிட்டேன், வெளிச்சம் பட்டுப் பாழாப்போச்சு. போதுமா பெரிய மனுசி? சுங்கைப் பட்டாணி ஊரையே, ஆடாதீங்க, அசையாதீங்கன்னு மெரட்டினவன். ஒரு பறவையப் பார்த்ததும் எனக்கே கை ஆடிப்போச்சு.

— தூக்கமில்லாத கை ஆடத்தான் செய்யும்.

— அதான் காலையில கொஞ்சம் கண்ணசந்துட்டேன். அப்ப எங்காங் வந்துச்சா?

— வரல.

— நீ என்ன செஞ்ச?

— உங்களைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.

— பாவம், இவ்வளவு பெரிய மலையில வேற காட்சியே கெடைக்கலயா?

— நம்ம வீட்டுச் சொவத்துல ஊர்ல உள்ள எல்லார் படமும் தொங்குது. உங்க படம் ஒண்ணு இருக்காங்க?

— நம்ம மூஞ்சிக்கு பிளேட்டை வீணாக்கலாமா?

— கல்யாணப் படத்துலயாவது இருக்கணும்ல? நான் மாலையோட உக்காந்திருக்கேன், பக்கத்துல காலி நாற்காலி. மாப்பிள்ளை எங்கேன்னு கேக்காத ஆளு கெடையாது.

— மாப்பிள்ளை கேமராவுக்குப் பின்னால கருப்புத் துணிக்குள்ள இருந்தான். வேறவன் எடுத்திருந்தா நீ கோணலா விழுந்திருப்ப. இப்பப் பாரு, என்மேல ஒனக்கு இருந்த கோவம் மூக்கு நுனி வரைக்கும் தெளிவா விழுந்திருக்கு.

— கோவம் இன்னும் போகல.

— போக வேணாம். அந்தக் கோவத்துலதானே பென்சிலை எடுத்து, பிளேட்டுல படத்தைத் திருத்துற வேலை கத்துக்கிட்ட. கோலா கெத்தில் தோட்டத்துக் கங்காணி செத்தப்போ, நாற்காலியில சாய்ச்சு வச்சுப் படம் எடுத்தோமே, நீ பிளேட்டுல கண்ணு தொறந்து வரைஞ்சியே. உசுரோட இருந்தப்பகூட அந்தாளு அவ்வளவு அழகா முழிச்சதில்ல.

— கங்காணி சம்சாரம் படத்தைப் பார்த்துட்டு, என்னைப் பாக்குறாரு, என்னைப் பாக்குறாருன்னு அழுதாங்க.

— உஷ்! கேட்டியா? ரெக்கைச் சத்தம். ரயிலு மாதிரி பொஸ்ஸு பொஸ்ஸுன்னு.

— ரயிலுன்னு சொல்லாதீங்க.

— அசையாத. வந்துட்டான். வாயில பழம் வச்சிருக்கான். இரு, லென்ஸு மூடியிருக்கு, தகட்டை உருவியாச்சு... அவ மூக்கை நீட்டுறா பாரு. ஊட்டுறான், ஊட்டுறான்! ஒண்ணு... ரெண்டு... மூடிட்டேன். சிகப்பி! கை ஆடல! ரெண்டு மூக்கும் ஒண்ணா விழுந்திருக்கும்! ஏ புள்ள, ஏன் அழுவுற? பொழச்சோம்லா!

— அது வெறும் பிளேட்டு இல்லீங்க.

— என்ன சொல்ற?

— காலையில நீங்க தூங்குனப்போ எடுத்தேன். அதுல ஏற்கெனவே நீங்க இருக்கீங்க.

— வெளையாடாத. அது பிளேட்டு இல்ல, என் உசுரு.

— அய்யாவு அண்ணனை ரயில்ல ஏத்திட்டாங்க. கோட்டைப் போட்டுப் பார்த்து, நல்லாருக்குன்னு சொல்லிட்டு, மறுநாளே ஏத்திட்டாங்க. நாம பொறப்பட்ட அன்னிக்குக் காலையில அவர் பொண்டாட்டி ராக்காயி பைப்படியில சொல்லி அழுதா.

— அப்புறம் எதுக்கு என்னை மலையேத்துன?

— நான் தண்ணி எடுத்துட்டு வந்தா, நீங்க விசிலடிச்சுக்கிட்டு கேமராவைத் தொடைச்சுக்கிட்டிருக்கீங்க. எத்தனை மாசமாச்சு அந்த விசில் கேட்டு. எனக்கு வாய் வரல. தஞ்சோங் டாவாய் கடலைக் காட்டுறேன், காட்டுறேன்னு பதினாலு வருசம் சொன்னீங்க. கடல் போனா போகுது, மலையாவது சேர்ந்து பாப்போம்னு வந்தேன்.

— இப்படியே காட்டுக்குள்ள ஓடிருவோமா?

— ஓடினா?

— வீட்டுக்கு ஒரு ஆளு கணக்கு. ஒன் தம்பி பழனியாண்டியைப் புடிப்பான். தெரியும், தெரியும். சும்மா சொல்லிப் பார்த்தேன்.

— திட்டுங்களேன். ஒரு வார்த்தையாவது திட்டுங்க.

— எனக்குத் தெரியாம எப்படி எடுத்த? துணிக்குள்ள பூந்தியா?

— பூந்தேன். உள்ள ஒங்க பீடி வாசனை. தலைகீழாத் தெரிஞ்சீங்க.

— அப்பக் கழுவிப் பார்த்தா, என் மூக்குமேல எங்காங் உக்காந்திருக்குமா?

— ஒங்க மூக்குக்கு அது ஒண்ணும் பாரமில்ல.

— கண்ணு?

— மூடித்தான் இருந்துச்சு. வாய்தான் தொறந்திருந்துச்சு.

— பரவால்லலா. பென்சில்தான் ஒன்கிட்ட இருக்கே. நான் போனதும், கங்காணிக்கு வரைஞ்ச மாதிரி எனக்கும் ரெண்டு கண்ணு தொறந்து விட்டுரு. ஒன்னைப் பாத்துக்கிட்டே இருக்கேன்.

— மாட்டேன். செத்தவங்களுக்குத்தான் நான் கண்ணு தொறப்பேன். நீங்க தூங்குறீங்க. வந்து நீங்களே தொறந்துக்குங்க.