பஞ்சுமிட்டாய் மோட்டாரின் வேகப் பெட்டி

என் பெயர் கிருபாவதி, வயது 34, கணவர் பெயர் சுயம்புலிங்கம். சின்னமனூரில் குடியிருந்து அங்கேயே ரேடியோ, டி.வி. பழுது பார்க்கும் கடை வைத்துள்ளேன். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்துள்ளேன். புருஷனைக் கூட்டிவரும்படி காவல் நிலைய வாசலிலேயே சொன்னார்கள். வழக்கிலுள்ள பெட்டியைச் செய்தது நான், ஆகையால் நானே சொல்கிறேன்.

மார்க்கையன்கோட்டை பொன்னுராஜ் என்பவர் பஞ்சுமிட்டாய் வண்டி வைத்திருப்பவர். 2006 செப்டம்பரில் அவர் கடைக்கு வந்து, பேட்டரியில் ஓடும் தன் மோட்டார் ஒரே வேகமாகச் சுற்றிச் சீனிப்பாகை வெளியே அடிக்கிறது, வேகத்தைக் கூட்டிக் குறைக்க வழி வேண்டும் என்று கேட்டதன் பேரில், திருகு வைத்த பெட்டி ஒன்று செய்து கொடுத்தேன். கரண்டை மட்டுப்படுத்திக் கொடுத்தால் சின்ன மோட்டார் கிளம்பத் திணறும். ஆகவே இந்தப் பெட்டி பேட்டரியின் முழுக் கரண்டையே நொடிக்குப் பல நூறு தடவை விட்டு விட்டுக் கொடுக்கும். கரண்ட் பாயும் நேரம் நீண்டால் வேகம் கூடும், சுருங்கினால் குறையும். "அப்ப முழுக் கரண்டுதான் குடுத்திருக்க, ஒத்துக்கிறியாம்மா?" என்று எஸ்.ஐ. ஐயா கேட்டார்கள். இதையே எத்தனை தடவைதான் சொல்வது? மொத்தத்தில் குறைகிறது ஐயா, குறைகிறது.

அதன் பிறகு, சூடு வெளியேற மூடியில் ஓட்டைகள் உள்ளன, ஈரம் மட்டும் ஆகாது என்று அடித்துச் சொல்லிக் கொடுத்தனுப்பினேன். அவரும் தலையாட்டிவிட்டுப் போய், வண்டியை வெளியே எடுக்குமுன் பூசை போட்டு, ஓட்டை ஒவ்வொன்றிலும் சந்தனத்தைக் குழைத்து அப்பிவிட்டார். ஈரம் உள்ளே இறங்கி, விட்டு விட்டுப் போக வேண்டிய கரண்ட் ஒரேயடியாகப் போய், போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் மோட்டார் வெறிபிடித்துச் சுற்றியதில், மகளுக்கு மிட்டாய் வாங்க நின்ற ஆசாத் என்ற தையற்காரரின் வலது கையில் கொதிக்கும் பாகு தெறித்து வெந்துவிட்டது. ஊசி பிடிக்கிற கை. அதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

சேதி கேட்டு ஓடிப்போன நான், "ஏண்ணே, படிச்சுப் படிச்சுச் சொன்னேனே?" என்று கேட்டதற்கு, "ஏத்தா, புதுச் சாமானுக்குப் பொட்டு வைக்காம எப்பிடித்தா தொழிலுக்கு எடுக்குறது? பொட்டு வைக்கத்தான் ஓட்டை விட்டிருக்கன்னு நெனச்சேன்" என்றார். அதன் பிறகு நிலையத்துக்கு வந்து, சந்தனமே வைக்கவில்லை, பெட்டிதான் கோளாறு என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அதனால் வழக்கு என் மேல் வந்தது. மூடிக்குள் இறங்கிய சந்தனம்தான் எனக்கிருந்த ஒரே சாட்சி. அப்போதே திறந்து பாருங்கள் என்று கெஞ்சினேன். லீவு முடியட்டும் என்று போலீசார் பெட்டியை இங்கே எடுத்து வந்துவிட்டார்கள்.

இன்று என் முன் மேசையில் வைக்கப்பட்ட அந்தப் பெட்டியில் ஓட்டைக்கு ஓட்டை புதுச் சந்தனமும் குங்குமமும் இருக்கக் கண்டு, இது யார் வேலை என்று கேட்டேன். ஏட்டு அவர்கள், "ஞாயித்துக்கெழமை ஆயுத பூசையில்லம்மா? ஐயாதான் ஸ்டேஷன்ல இருக்கறது ஒண்ணு விடாம வைக்கச் சொன்னாக" என்றார். அட கடவுளே, இனி எந்தச் சந்தனம் யார் வைத்தது என்று எவருக்குக் காட்டுவேன்? இதையும் எழுதியே ஆக வேண்டும் என்று சொன்னதால் எழுதப்பட்டது.

மேலே கண்டதை நானே வாசித்துப் பார்த்தேன், நான் சொன்னபடியே உள்ளது. கையெழுத்துக்குக் கொடுத்த பேனாவிலும் சந்தனம் இருந்தது. துடைத்துவிட்டுப் போட்டேன்.

(ஒப்பம்) சு. கிருபாவதி
3.10.2006