ஜன்னல் ஏற்றிய வண்டி

கழுத்து வலிக்கிறது, ஐயா. இந்த பெஞ்சுக்குச் சாய்மானம் இல்லை. சுவரோரமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டு சொல்கிறேன். காருக்குள் மல்லாந்து படுத்து, டேஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்து, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவன் கழுத்து இப்படித்தான் இருக்கும். இடது பக்கம் திரும்பும். வலது பக்கம் திரும்பாது.

என் பெயர் வேதநாயகம். மந்தைவெளியில் கார் ஏசி, ஸ்டீரியோ பழுது பார்க்கிறேன். கஸ்தூரிரங்கன் கொடுத்த புகாரை வாசித்துக் காட்டினீர்கள். அதில் என்னைத் திருடன் என்று எழுதியிருக்கிறார். அந்த ஒரு சொல் தப்பு. அதை அடித்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் மற்றதையும் சொல்கிறேன்.

அவர் வண்டி எண்பத்து நாலாம் வருஷத்து பியட். ஏசி அதோடு வந்ததல்ல. பிற்பாடு யாரோ டேஷ்போர்டுக்கு அடியில் தொங்கவிட்டது. குழாய் கொண்டுபோக எஞ்சினுக்கும் உள்ளுக்கும் நடுவே தகட்டில் துளை போட்டிருந்தார்கள். ஸ்டீரியோ மட்டும் அசல் சரக்கு, சிங்கப்பூரிலிருந்து மைத்துனர் கொண்டுவந்தது. அந்த வீட்டிலேயே நல்ல பாட்டுப் பெட்டி காருக்குள்தான் இருந்தது. அதனால் அவருக்கு ஒரு பழக்கம். மத்தியானம் சாப்பிட்டதும் ஷெட்டில் நிற்கிற வண்டியில் ஏறி, எஞ்சினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டு, ஜன்னலை ஏற்றிவிட்டு, கண்ணை மூடிக் கச்சேரி கேட்பார். மயிலாப்பூரில் அந்தத் தெருவுக்கே இது தெரியும்.

மார்ச் மாதம் என்னைக் கூப்பிட்டார். ஏசியில் குளிர் இல்லை, ஏசியைப் போட்டால் பாட்டுக்குள் வண்டு புகுந்த மாதிரி இரைச்சல், போதாததற்கு ஒரு கேசட் உள்ளே சிக்கி வரமாட்டேன் என்கிறது. இரைச்சலுக்காக எனக்கு முன் வந்த ஆள் ஸ்பீக்கரை மாற்றச் சொல்லியிருந்தான். ஸ்பீக்கரில் ஒன்றுமில்லை. ஏசி மோட்டாருக்கும் ஸ்டீரியோவுக்கும் எர்த் ஒயரை ஒரே திருகில் கட்டியிருந்தார்கள், அந்தத் திருகும் துருவேறிக் கிடந்தது. சுரண்டி, இரண்டையும் தனித்தனியாகக் கட்டினேன். இரைச்சல் போய்விட்டது. கேஸ் ஏற்றினேன். சிக்கிய கேசட்டை டேப் அறுந்துபோகாமல் வெளியே எடுத்து, டேஷ்போர்டு மேல் வைத்தேன். குழாய் போகிற துளையில் ரப்பர் அடைப்பு உதிர்ந்து போயிருந்தது. என் கடையிலிருந்து ஒன்று கொண்டுவந்து போட்டேன். அதற்குக் காசு வாங்கவில்லை.

கிளம்பும்போது, சைலன்சர் குழாய் முன்பக்கம் விரிசல் விட்டிருக்கிறது, மாற்றிவிடுங்கள், புகை உள்ளே வரும் என்று சொன்னேன். சொன்னேன் என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

"ஏம்ப்பா, பாட்டுக்கும் குளிர்ச்சிக்கும்தானே கூப்பிட்டேன்? ஒண்ணு சரி பண்ணா ஒம்பது கெளப்பறேளே. சொன்ன வேலையை மட்டும் பாரு" என்றார்.

சரி என்று வந்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் கடை வாசலில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கப் போகிற நேரம். கஸ்தூரிரங்கன் ஆட்டோவில் வந்து இறங்கினார், கூடவே அவர் மகள் ஸ்ரீரஞ்சனி. பதினேழு வயசு இருக்கும். பாடுகிற பெண். சிக்கியிருந்த கேசட் அவள் பாட்டு வாத்தியார் அவளுக்காகப் பாடிக் கொடுத்ததாம். வாத்தியார் போன வருஷம் காலமாகிவிட்டார். வேறு பிரதி கிடையாது. அதைக் காணவில்லை.

"நீதான் கடைசியா வண்டில இருந்தே. எங்க வெச்சே?"

"டேஷ்போர்டு மேலதான் சார் வெச்சேன். நான் இன்னாத்துக்கு சார் பாட்டு கேசட்டை எடுக்கப் போறேன்?"

"எதுக்கு எடுப்பேள்னு எனக்குத் தெரியும். அழிச்சுட்டு சினிமாப் பாட்டு பதிவேள். எடு அந்தப் பையை."

பையைக் கொட்டினேன். ஸ்பேனர், டெஸ்டர், ஒயர்த் துண்டு. சட்டைப் பையைத் திருப்பிக் காட்டச் சொன்னார். காட்டினேன். பிறகு டப்பாவைத் திறக்கச் சொன்னார். தெருவில் பாதி பேர் நின்றுவிட்டார்கள். திறந்தேன். சோறும் வஞ்சிரக் குழம்பும். அவர் மூக்கை மூடிக்கொண்டு, கையிலிருந்த குடையின் நுனியால் சோற்றைக் கிளறிப் பார்த்தார்.

என் அப்பா பட்டினப்பாக்கத்தில் ஐஸ் பாளம் சுமந்தவர். தோளில் கோணியைப் போட்டு அதன்மேல் பாளத்தை ஏற்றுவார்கள். ஓடித்தான் போகவேண்டும், நின்றால் உருகும், உருகினால் கூலியில் பிடிப்பார்கள். நாற்பது வயசில் அவர் தோள் மரத்துப்போய், சிகரெட்டால் சுட்டாலும் தெரியாது என்பார். அவர் சோற்றை யாரும் குடையால் கிளறியதில்லை.

அந்தப் பெண் ஒரு வார்த்தை சொன்னாள். அதையும் மறைக்கவில்லை. "அப்பா, அவர் எடுத்திருக்க மாட்டார்ப்பா. வாங்கோ, போலாம்" என்றாள். ஆனால் மெதுவாகச் சொன்னாள். மேடையேறிப் பாடுகிற தொண்டை. திருடன் என்றது தெருவுக்கே கேட்டது. இல்லை என்றது எனக்கு மட்டும் கேட்டது. அதை யோசித்துப் பாருங்கள், ஐயா. நான் நிறைய யோசித்தேன்.

சோற்றை நாய்க்குப் போட்டேன். அன்றிலிருந்து எதிர் டீக்கடை ஜவஹருக்கு நல்ல பொழுதுபோக்கு. "இன்னா பாகவதரே, டீயா, பாலா? தொண்டைக்கு எது ஒத்துக்கும்?" என்பான். கடையே சிரிக்கும். மூன்று வாரம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரண்டு பழைய வாடிக்கைக்காரர்கள் வண்டியை விட்டுவிட்டுப் போகாமல் பக்கத்திலேயே நின்று வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும், "தப்பா நெனைக்காத நைனா" என்றார். நான் எதையும் தப்பாக நினைப்பதில்லை.

ராமநவமிக்கு நாலு நாள் முன்பு கஸ்தூரிரங்கன் ஆள் அனுப்பினார். ஏசி குளிர்கிறது, ஆனால் காற்று வரவில்லையாம். வேறு இரண்டு பேர் பார்த்தும் பிடிபடவில்லையாம். நான் போனேன். வேலைக்குத்தான் போனேன். அவர் வாசலில் நின்று, "இந்தத் தடவை நான் இங்கேயே நிக்கறேன்" என்றார். கொஞ்ச நேரத்தில் டெலிபோன் அடித்தது, உள்ளே போனார். பேச்சு அரை மணி நீண்டது.

காற்று வராததற்குக் காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று. ஊதுகிற மோட்டாரின் வாயில் ஒரு கேசட் குறுக்கே விழுந்து அடைத்திருந்தது. டேஷ்போர்டு மேல் நான் வைத்தது, கண்ணாடியோரத்து இடுக்கில் சரிந்து உள்ளே இறங்கியிருக்கிறது. அங்கே வைக்கக்கூடாது என்று இப்போது தெரிகிறது. அப்போது தோன்றவில்லை. யாருக்கும் தோன்றாது.

கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் படுத்திருந்தேன். வெளியே வந்து காட்டியிருக்கலாம். காட்டினால் என்ன சொல்லியிருப்பார்? "அடடே, கெடச்சுடுத்தா" என்பார். அவ்வளவுதான். மந்தைவெளிக்கு வந்து, அதே தெருவில் நின்று, அதே சத்தத்தில் சொல்லமாட்டார். அவர் வீட்டு ஷெட்டுக்குள் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி முடித்துவிடுவார். கேசட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

வண்டியைக் கிளப்பிப் பார்த்தேன். காற்று நன்றாக வந்தது. சைலன்சர் சத்தத்திலேயே தெரிந்தது, குழாயை அவர் மாற்றவில்லை. விரிசல் முன்னைவிட வாய் பிளந்திருந்தது. சொன்ன வேலையை மட்டும் பார் என்றவர் அவர். காற்றும் பாட்டும் என் வேலை. சைலன்சர் என் வேலையல்ல. அதனால் சொல்லவில்லை.

இதோடு நிறுத்தியிருந்தால் நீங்கள் என்னை அனுப்பிவிட வேண்டியதுதான். விபத்து என்றுதான் முதலில் எழுதியிருந்தீர்கள். ஆனால் முழுதும் சொல்கிறேன் என்று உட்கார்ந்தேன். நான் போட்ட ரப்பர் அடைப்பு அந்தத் துளையில் இருந்தது. அது என் சாமான். காசு வாங்காமல் போட்டது. அதைக் கழற்றி எடுத்துக்கொண்டேன். என் பொருளை நான் எடுத்தால் அது திருட்டாகாது.

புகை எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். ஜன்னல் ஏற்றிய வண்டியில் கண்ணை மூடிக் கேட்கிறவருக்குத் தூக்கம் மாதிரிதான் இருக்கும் என்பதும் தெரியும். அவரை நினைத்துத்தான் கழற்றினேன்.

ஷெட்டை விட்டு வெளியே வரும்போது அந்தப் பெண் கொல்லைப்பக்கத்திலிருந்து வந்தாள். தொண்டைக்குத் துணி சுற்றியிருந்தாள்.

"சரியாயிடுத்தா அண்ணா? நாளைக்கு மத்தியானம் நான்தான் உக்காந்து கேக்கப் போறேன். ஆத்துல ஊர்லேர்ந்து வந்த கூட்டம், ஒரே சத்தம். வியாழக்கிழமை எனக்கு மொதல் கச்சேரி" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அன்னிக்கு அப்பா பண்ணினதை மனசுல வெச்சுக்காதீங்கோ" என்றாள்.

அப்போதும் மெதுவாகத்தான் சொன்னாள்.

பையில் கேசட் இருந்தது. ரப்பர் இருந்தது. திரும்பிப் போய்ப் போட ஒரு நிமிஷம் போதும். அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல அதுகூட வேண்டாம். நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

"சூப்பரா கீதும்மா. ஜன்னலை நல்லா ஏத்திவுட்டுக்கோ. அப்பத்தான் குளிர் நிக்கும்."

மறுநாள் மூன்று மணிக்கு அவள் அம்மா கோமளம் காப்பி கொண்டுபோய்க் கண்ணாடியைத் தட்டினாராம். பாட்டு ஓடிக்கொண்டே இருந்ததாம். இரைச்சல் துளிகூட இல்லையாம். ஜவஹர் கடையில் பேசிக்கொண்டார்கள். யாரும் சிரிக்கவில்லை.

செய்தது நான்தான். யாரும் ஏவவில்லை. கையெழுத்து எங்கே வேண்டுமானாலும் போடுகிறேன். ஆனால் நாற்பத்தொரு வயசில் ஒருத்தர் பொருளை எடுத்தவனில்லை நான். கேசட் கடையில் இருக்கிறது, மூன்றாவது தட்டில், ஈயக் கம்பி வைக்கிற டப்பாவுக்குள். கசங்கிய இடத்தை நீவிவிட்டு, பென்சிலால் சுற்றி, போட்டுக் கேட்டும் பார்த்துவிட்டேன். தெளிவாகப் பாடுகிறது. திருடன் இவ்வளவு பார்ப்பானா?

திருடன் என்பதை அடித்துவிடுங்கள். ஸ்ரீரஞ்சனிக்கு நான் ஒரு கேசட் திருப்பித் தரவேண்டும். எனக்கு வேறு பாக்கி இல்லை.